மனப்புண் மருந்தும் கல்லீரலும்

போரிலும் வன்கொடுமையிலும் உள்ளம் சிதைந்தோர்க்கு எம்.டி.எம்.ஏ. என்னும் மருந்தைக் கொடுத்து, அதன் வேகம் தணியும்வரை மருத்துவர் அருகிருந்து பேசவைக்கும் முறை இன்று பெரிதும் போற்றப்படுகிறது. உள்ளத்தைப் பற்றிய பேச்சு நிறைய. அம்மருந்தைச் சிதைத்து வெளியேற்ற வேண்டிய கல்லீரலைப் பற்றிய பேச்சோ குறைவு. இக்குறை அம்மருந்துடன் கூடவே வளர்ந்தது.

1912 டிசம்பர் 24ஆம் நாள், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகர மெர்க் நிறுவனம் ஒரு காப்புரிமை கோரிற்று. குருதிப்போக்கை நிறுத்தும் மருந்து காண்பதே நோக்கம், எம்.டி.எம்.ஏ. அவ்வழியில் தோன்றிய இடைப்பொருளே. (பசியடக்கப் பிறந்தது என்பது கட்டுக்கதை.) நெடுங்காலம் உறங்கிய அதனை 1970களில் கலிபோர்னிய வேதியியலார் அலெக்சாண்டர் சுல்கின் மீண்டும் ஆக்கி, 1977இல் உளமருத்துவர் லியோ செஃப் என்பாரிடம் அளித்தார். அவர்வழி அது பலர் கைக்குச் சென்றது. முறையான ஒப்பாய்வு ஒன்றும் நடவாத நிலையிலேயே, 1985இல் அமெரிக்க அரசு அதனைத் தடைசெய்தது.

கல்லீரல் தன் வழக்கை எடுத்துரைத்தது இங்கிலாந்தில். அங்கே இளைஞர்கள் நடனக் கூடங்களில் இதனை மாத்திரையாக விழுங்கினர். 1992இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ஆய்வுரை, இறப்புகளோடு கல்லீரல் நைந்த ஏழு பேரையும் குறித்தது. உடற்சூடு அளவுகடந்து ஏறியதால் சிலர்க்கு ஈரல் கெட்டது. வேறு சிலர்க்கோ சூடும் இல்லை, மிகுதியாக உண்டதும் இல்லை. கூடத்து மாத்திரையும் மருத்துவமனை மருந்தும் ஒன்றல்ல என்பது மெய்யே. எனினும் ஈரல் ஒன்றுதானே!

ஈரலில் சி.ஒய்.பி. 2டி6 என்றொரு நொதி உண்டு. இம்மருந்தைச் சிதைப்பதில் அதற்குப் பெரும்பங்கு. விந்தை யாதெனின், மருந்து தன்னைச் சிதைக்க வரும் அந்நொதியையே முடக்கிவிடுகிறது. ஆகவே, அளவைச் சற்றே கூட்டினாலும் குருதியில் அதன் செறிவு அவ்விகிதத்தையும் தாண்டி ஏறும். சிகிச்சையிலோ, முதல் வேளை கொடுத்த இரண்டு மணிக்குள் அதிற் பாதி மீண்டும் தரப்படுவதுண்டு. எச்.ஐ.வி. மருந்தாகிய ரிட்டோனாவிரும் அந்நொதியைத் தடுப்பது. அதனை உண்டுவந்த ஒருவர் எம்.டி.எம்.ஏ. விழுங்கி மாண்ட செய்தி 1998இல் அதே ‘லான்செட்’டில் வெளியாயிற்று. அந்த ரிட்டோனாவிர், பின்னர் ஹெபடைட்டிஸ் சி என்னும் ஈரல் நோய்க்குரிய கூட்டு மருந்து ஒன்றிலும் இடம்பெற்றது.

2021இலும் 2023இலும் வெளிவந்த இரு பெருஞ்சோதனைகளில் முறையே 90 பேரும் 104 பேரும் பங்குகொண்டனர். மனப்புண் பெரிதும் ஆறியதாக முடிவுகள் கூறின. ஆனால் ஈரல் நோயாளர் வாயிலிலேயே நிறுத்தப்பட்டனர். அறிகுறியற்ற ஹெபடைட்டிஸ் சி உடையோர்க்கு மட்டும், உரிய பரிசோதனைக்குப் பின், இடமளிக்கப்பட்டது. விலக்கியது முறையான எச்சரிக்கையே. ஆயினும் மனப்புண்ணை மறக்கக் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டோர் எத்தனை பேர்! வியட்நாம் போர்க்காலத் தலைமுறை வீரரிடையே ஹெபடைட்டிஸ் சி மிகுதி என்பதும் அறிந்த செய்தி. மருந்தை மிகவும் நாடுவோருள் ஒரு பகுதியினர்க்கு அச்சோதனை முடிவுகள் பொருந்தா.

2023 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா, அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் இம்மருந்தை எழுதித்தர இசைந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமோ 2024 ஆகஸ்டில் ஒப்புதல் மறுத்து, இன்னும் ஒரு பெருஞ்சோதனை நடத்துமாறு கேட்டது.