பூட்டாத ஸ்டோர் ரூம்

பிரெஞ்சுப் பள்ளியில் 'கொன்ஃபியான்ஸ்' என்று எழுதப் படித்தோம். நம்பிக்கை என்று பொருள். குமாஸ்தாவாகப் போன அலுவலகத்தில் ஒரு பென்சிலுக்கும் சீட்டு எழுத வேண்டும். பீரோ சாவி மேலதிகாரியை விட்டு நகராது. அதனால்தானோ என்னவோ, ஹியூலெட்-பேக்கார்ட் கம்பெனியின் கதை எனக்கு மறப்பதில்லை.

1939இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், ஒரு கார் ஷெட்டில், 538 டாலர் முதலோடு இரு நண்பர்கள் தொடங்கிய கம்பெனி அது. ஒரு விடுமுறை நாளில் ஹியூலெட் மைக்ராஸ்கோப் எடுக்க வந்தார். கருவி அறை பூட்டியிருந்தது. தாழ்ப்பாளை உடைத்துவிட்டு, இனிப் பூட்டக் கூடாது என்று சீட்டு எழுதி வைத்தார். 1970இல் ஆர்டர் குறைந்தபோது பெருமளவில் ஆளைக் குறைக்காமல், மேலிருந்து கீழ்வரை வேலையையும் சம்பளத்தையும் 10 சதவீதம் குறைத்துச் சமாளித்தார்கள்.

பேக்கார்ட் 1996இலும் ஹியூலெட் 2001இலும் காலமானார்கள். 2002இல் காம்பேக் கம்பெனியை இணைத்தபோது 15,000 பேரைக் குறைப்பதாகத் திட்டம் வந்தது. 2006இல் இன்னொரு செய்தி. இயக்குநர் குழுவின் ரகசியம் கசிவது யாரால் என்று கண்டுபிடிக்க, துப்பறிவோரை வைத்து, சொந்த இயக்குநர்களுடைய தொலைபேசிப் பதிவுகளையே ஆள்மாறாட்டம் செய்து வாங்கியிருந்தார்கள். பத்திரிகையாளர்களையும் விடவில்லை. பூட்டை உடைத்தவர் வளர்த்த கம்பெனி அது.

சிரிக்க எனக்கும் தகுதியில்லை. ஓய்வுக்கு முன் பீரோ சாவி என் கைக்கு வந்தது. நானும் பூட்டித்தான் வைத்தேன்.