ஹெர்மிஸ் கப்பலும் ஓர் இறப்பர் வளையமும்

மேற்கே மட்டக்களப்பு வாவியும் கிழக்கே வங்கக் கடலும் எல்லைகளாக, கல்லடிக்கும் காத்தான்குடிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் அமைந்திருக்கிறது நாவற்குடா. இக்கரையோரத்துக்கு அப்பால், நிலத்திலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீற்றர் தொலைவில், 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது ஹெர்மிஸ்; விமானந்தாங்கியாகவே அமையவேண்டும் என்று தொடக்கத்திலிருந்தே திட்டமிடப்பெற்ற கப்பல்களுள் உலகில் அதுவே முதலாவது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள், திருகோணமலையைத் தாக்க வந்த ஜப்பானியக் கடற்படையின் விமானங்கள் அதனைக் குண்டுவீசி மூழ்கடித்தன. 307 பேர் உயிர்நீத்தனர். அக்கப்பலின் சரித்திரத்தை எழுதியோர் பலர். ஆனால் அதன் இன்றைய கோலத்தைக் கரையில் உள்ளோரும் காணச் செய்கின்ற கமராவை, உப்புநீர் தீண்டாமல் காத்துநிற்கும் பெட்டியின் சரித்திரத்தை எண்ணிப் பார்த்தோர் மிகச் சிலரே.

அது தோல்வியில் தொடங்கிய சரித்திரம். 1856ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வேமத் குடாவில் வில்லியம் தொம்சன் என்பவர் ஒரு பெட்டிக்குள் கமராவை வைத்துக் கயிற்றில் கட்டிக் கடலடிக்கு இறக்கியபோது, பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆயினும் தட்டில் மங்கலாக ஓர் உருவம் எஞ்சியது. 1864, 1865ஆம் ஆண்டுகளில் இலங்கைக்கு வந்திருந்த ஒஸ்திரிய ஓவியர் ரன்சொனே, கமரா இன்றி, தாம் அமைத்த சுழியோடும் கூண்டினுள் அமர்ந்து காலிக் கடலின் பவளப் பாறைகளைக் கையாலேயே வரைந்தார். 1893இல் பிரான்சு நாட்டின் பன்யூல் கடலோரத்தில் லூயி பூத்தான் என்னும் விஞ்ஞானி, காற்று நிறைந்த இறப்பர்ப் பை ஒன்றைத் தம் பெட்டியோடு இணைத்து, ஆழம் மிகமிகப் பையிலுள்ள காற்றே பெட்டிக்குள் சென்று வெளியமுக்கத்தைச் சமன் செய்யுமாறு அமைத்தார். கடலை எதிர்த்து நிற்பதற்கு வன்மை மட்டும் போதாது, சூட்சுமமும் வேண்டும் என்பதை அன்றே அவர் நிரூபித்தார்.

நம் கீழ்க்கரையில் கடலடிப் படக்கலையின் பயன் பிரத்தியட்சமானது 1956இல். போர்த்துக்கேயரால் பதினேழாம் நூற்றாண்டில் இடிக்கப்பெற்ற திருக்கோணேசுவரத்தின் செதுக்குக் கற்களை, திருகோணமலைச் சுவாமி மலையின் அடிவாரத்துக் கடலுக்குள் சுழியோடிப் படப்பிடிப்பாளர் மைக் வில்சன் கண்டார். அவருடைய நண்பரான எழுத்தாளர் ஆதர் கிளார்க் மறுவருடம் வெளியிட்ட நூல் அதனை உலகறியச் செய்தது. நூற்றாண்டுகளாக நம்மவர் செவிவழியாகக் கேட்டுவந்த ஒரு செய்தியை, கடலடியிற் கிடந்த கற்களே சாட்சியாக வந்து உறுதிப்படுத்தின.

இன்று கடலடிக் கமராப் பெட்டிகளைக் காப்பது மெல்லிய இறப்பர் வளையம் ஒன்று. டென்மார்க்கிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் அதற்கு 1939இல் காப்புரிமை பெற்றார். போர் மூண்டதும் அமெரிக்க அரசு அவ்வுரிமையைத் தன்வசப்படுத்தி, யுத்த விமானங்களுக்காக அவ்வளையத்தை எங்கும் பரப்பியது. ஹெர்மிஸைக் கடலுள் ஆழ்த்திய அதே மகாயுத்தமே, அதனைப் பின்னாளில் நாம் காண்பதற்குரிய கருவியையும் பரப்பியது என்பது சிந்திக்கத்தக்கது. கப்பல் கிடக்கும் ஆழத்தில், 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கண்ணாடி ஒன்றின்மேல் ஏறத்தாழ 900 கிலோகிராம் பாரம் அழுத்துகிறது. அவ்வழுத்தமே வளையத்தைத் தன் பள்ளத்தின் சுவரோடு நெருக்கி இடைவெளியை அடைத்துவிடுவதால், ஆழத்தைவிட அழுத்தம் குறைந்த மேல்நீரிலேயே பெட்டி பெரும்பாலும் ஒழுகுகிறது. ஆகையால் இறங்கிய முதல் இரண்டு மீற்றரில் நின்று, பெட்டியிலிருந்து குமிழி எழுகிறதா என்று நோக்குவது அநுபவசாலிகளின் வழக்கம்.

வளையத்தின் பகை மணல். மணற்றுகள் ஒன்றோ, தலைமயிர் ஒன்றோ அதன்மேற் குறுக்கே கிடந்தாற் போதும், நீர் வழி கண்டுவிடும். மணலே நிலமாகிய நாவற்குடாவில், காற்றுப் புகாத அறையில், விளக்கின் கீழ், ஊசியும் கத்தியும் தீண்டாமல் விரல்நுனியால் வளையத்தைக் கழற்றி, நூல் உதிராத துணியாற் பள்ளத்தைத் துடைத்து, வெடிப்புண்டா என்று விரலால் தடவிப் பார்த்து, உற்பத்தியாளர் விதித்த கிரீஸை மினுக்கம் தோன்றும் அளவுக்கே பூசவேண்டும். மிகுதியாகப் பூசினால் அதுவே மணலை ஈர்க்கும். வாவிக்கரையின் ஈரக்காற்றை உள்ளடக்கி மூடினால், குளிர்ந்த நீரிற் கண்ணாடி பனிபடியும். ஆகவே ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதி ஒன்றையும் உடன் வைத்து மூடுவர். கமராவை இடுமுன் வெறும் பெட்டியை ஒருமுறை ஆழ்த்திப் பார்ப்பவரே விவேகி. கரையேறியதும், உப்பு உலர்ந்து இறுகுமுன் பெட்டியை நன்னீரில் அமிழ்த்தி, பொத்தான்கள் ஒவ்வொன்றையும் நீருக்குள்ளேயே அழுத்தி, உட்புகுந்த உப்பைக் கரைத்து விடவேண்டும். வாடைக் காற்றால் கடல் கொந்தளிக்கும் மாதங்களிற் பெட்டிக்கு வேலையில்லை. அப்போது மூடியை இறுக்காமல், வளையத்தைத் தனியே கழற்றி வைத்தால், அது நசிந்து உருக்குலையாது.

தோணியின் பலகை இடுக்குகளிற் பஞ்சைச் செலுத்திக் குங்கிலியம் பூசிக் கலப்பற்று அடித்த நம் முன்னோர்க்கு, நீரைத் தடுக்கும் வேலையில் அலட்சியத்துக்கு இடமில்லை என்பதை எவரும் கற்பிக்க வேண்டியிருந்ததில்லை. அந்தக் கைப்பழக்கம் இன்று இவ்வளையத்தைத் துடைக்கும் இளைஞர்களிடம் வந்து சேரவேண்டும் என்பதே என் விண்ணப்பம். உப்பும் நீரோட்டமும் ஹெர்மிஸின் உடலை ஆண்டுதோறும் அரித்துக்கொண்டிருக்கின்றன. இன்று படமாகாத பகுதி பத்தாண்டுகளுக்குப்பின் படமெடுப்பதற்கே இல்லாமற் போகலாம். கவனமின்றி மூடிய ஒரு பெட்டியால் இழக்கப்படுவது வெறும் கருவியன்று. நம் கரையின் சரித்திரத்தில் மீட்க முடியாத ஓர் ஏடு. எனவே வளையத்தைத் துடைக்கும் அந்தச் சிறுபொழுதையும், சுழியோடியின் துணிவுக்குச் சற்றும் குறையாத சரித்திரத் தொண்டாகவே நாம் மதிக்கவேண்டும்.