கோழிக்குஞ்சுகளில் பால் பிரித்தறிதலின் வரலாறு

கோழிக்குஞ்சுகளில் பால் பிரித்தறிதல் என்பது, முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு சேவலா பெட்டையா என்பதைக் கொண்டையும் வாலிறகும் வளர்வதற்கு முன்பே கண்டறிவதாகும். இதற்கான நம்பகமான முறை 1920களில் ஜப்பானில் உருவானது. முட்டைக்கோழி வளர்ப்பு பெருந்தொழிலாக வளர இம்முறை பெரிதும் உதவியது. பிறந்த நாளிலேயே சேவல் குஞ்சுகளைக் கொல்லும் வழக்கமும் இதனோடு சேர்ந்தே பரவியது.

பின்னணி

கோழி முட்டையிடுவது பகல் வெளிச்சத்தின் நீளத்தைப் பொறுத்தது. குளிர் நாடுகளில் குளிர்காலத்தில் முட்டை குறையும். வசந்தத்தில் பகல் நீளும்போது பெருகும். எனவே அங்கு அடைவைப்பது வசந்தத்தில்தான் மிகுதி. அப்போது பொரித்த பெட்டைகள் ஐந்தாறு மாதங்களில், அதாவது இலையுதிர் காலத்தில், முட்டையிடத் தொடங்கும்.

அதுவரை குஞ்சுகளைக் காப்பது செலவுமிக்க வேலை. முதல் வாரம் ஏறத்தாழ 35 பாகை செல்சியசு வெப்பம் தேவை. பின்னர் வாரந்தோறும் சுமார் 3 பாகை குறைக்கலாம். பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி சேவல்கள். வெள்ளை லெகார்ன் போன்ற முட்டையினங்களின் சேவல்களில் இறைச்சியும் குறைவு. கொண்டையைப் பார்த்து அடையாளம் காணச் சில வாரங்கள் ஆகும் என்பதால், அதுவரை பாதித் தீவனம் சேவல்களுக்கே சென்றது.

நீண்டு கூர்த்த முட்டையில் சேவலும், உருண்டை முட்டையில் பெட்டையும் பிறக்கும் என்று பண்டைய ரோமானிய எழுத்தாளர் கொலுமெல்லா எழுதினார். இந்நம்பிக்கை பல நாடுகளில் நெடுங்காலம் நிலவியது. உண்மையில் முட்டையின் வடிவம் தாய்க்கோழியின் உடலமைப்பைச் சார்ந்தது. குஞ்சின் பாலைக் காட்டாது.

ஜப்பானிய முறை

கியோஷி மசுயி, ஜூரோ ஹாஷிமொட்டோ ஆகிய ஜப்பானிய ஆய்வாளர்கள், ஒருநாள் குஞ்சின் எச்சத்துளைக்குள் பால் வேறுபாட்டைக் காட்டும் சிறு புடைப்பு இருப்பதை விளக்கினர். இக்கண்டுபிடிப்பு 1927இல் கனடாவின் ஒட்டாவாவில் நடந்த உலகக் கோழி வளர்ப்பு மாநாட்டில் வெளிநாட்டவருக்கு அறிமுகமானது. 1933இல் இவர்களது நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

குஞ்சை இடக்கையில் பிடித்து, எச்சத்தைப் பிதுக்கி நீக்கி, துளையை மெல்ல விரித்து, வலுவான விளக்கொளியில் பார்ப்பார்கள். சேவலின் புடைப்பு எள்ளைவிடச் சிறியது. பெட்டைகள் சிலவற்றிலும் புடைப்பு தென்படுவதால், அதன் உருட்சி, பளபளப்பு, உறுதி ஆகியவற்றை நோக்கியே முடிவுக்கு வர வேண்டும். இதை நூலறிவால் மட்டும் கற்க இயலாது. தேர்ந்தவர் அருகிலிருந்து திருத்தத் திருத்தக் கண் பழக வேண்டும். தேர்ச்சி பெற்றவர் மணிக்குச் சுமார் ஆயிரம் குஞ்சுகளை, நூற்றுக்கு 98 அளவில் சரியாகப் பிரிப்பார்.

1930களில் ஜப்பானிய வல்லுநர்கள் வட அமெரிக்கப் பொரிப்பகங்களுக்கு அழைக்கப்பட்டனர். அங்கே பிறந்த ஜப்பானிய வம்சாவளி இளைஞர்களுக்கும் இது நல்ல வருவாய் தரும் தொழிலாயிற்று. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் இம்மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். இத்தொழில் தெரிந்த சிலருக்கு, முகாமை விட்டு வெளியேறிப் பொரிப்பகங்களில் வேலை செய்ய அக்கைத்திறனே வழிசெய்தது.

மரபியல் வழி

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மரபியலாளர் ரெஜினால்ட் புன்னெட் வேறு வழியைக் கண்டார். முதல் உலகப்போர்க் காலத் தீவனத் தட்டுப்பாடே இதற்குத் தூண்டுதல். கோழிகளில் சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்களும், பெட்டைக்கு ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும் உண்டு. தாய் தன் இசட்டை மகனுக்கு மட்டுமே தருகிறாள். ஆகவே இசட்டில் அமைந்த நிற மரபணு தாயிடமிருந்து மகனுக்கே செல்லும். வரியிட்ட பிளைமவுத் ராக் பெட்டையை ரோடு ஐலண்டு ரெட் சேவலுடன் சேர்த்தால், ஆண் குஞ்சுகளின் தலையில் மட்டும் வெண்புள்ளி தோன்றும்.

இக்கலப்பு முதல் தலைமுறைக்கே பயன்பட்டது. எனவே ஒவ்வொரு தலைமுறையிலும் குஞ்சின் நிறமே பாலைக் காட்டும் கேம்பார் இனத்தைப் புன்னெட்டும் மைக்கேல் பீசும் உருவாக்கினர். பழுப்பு முட்டையிடும் வணிகக் கலப்பினங்களில் இன்றும் நிறமே அடையாளம். வேறு சில கலப்பினங்களில் இறக்கை இறகு விரைந்து வளர்ந்திருந்தால் பெட்டை, மெதுவாக வளர்ந்திருந்தால் சேவல் எனப் பிரிக்கின்றனர்.

சேவல் குஞ்சுகளின் நிலை

முதல் நாளிலேயே பால் தெரிந்ததால் தீவனம் மிச்சமானது. ஆனால் முட்டையினச் சேவல் குஞ்சு விலையற்றதாயிற்று. உலகில் ஆண்டுதோறும் பல நூறு கோடிச் சேவல் குஞ்சுகள் நசுக்கியோ நச்சுக்காற்றுச் செலுத்தியோ கொல்லப்படுகின்றன. இதற்கு எழுந்த எதிர்ப்பால் ஜெர்மனி 2022 சனவரி 1 முதல் இவ்வழக்கத்தைத் தடை செய்தது. பிரான்சும் தடை கொண்டுவந்தது.

பொரிக்க ஆகும் 21 நாள்களில், முட்டைக்குள்ளேயே பாலை அறியும் முறைகள் இப்போது நடைமுறையில் உள்ளன. அவற்றுள் ஒன்றில் ஒன்பதாம் நாள் அளவில் ஓட்டில் லேசர் கதிரால் நுண்துளையிட்டு, ஒரு துளி நீரை எடுத்து இயக்குநீரைச் சோதிக்கின்றனர். இம்முறையில் தேர்ந்த கோழிகளின் முட்டைகள் 2018இல் பெர்லின் கடைகளுக்கு வந்தன. ஜெர்மனியில் சிலர் சேவல்களையும் உடன் வளர்த்து, அச்செலவை முட்டை விலையில் சேர்க்கின்றனர். அவற்றுக்கு அங்கே ‘சகோதரச் சேவல்’ என்று பெயர்.