வடவம் வதுவான் ஆன கதை

ஐப்பசி மழைக்கு நடுவே பிரான்சிலிருந்து வந்த என் மகள், பெட்டியைத் திறந்ததும் ஒரு சிறிய கண்ணாடிப் புட்டியை எடுத்து நீட்டினாள். "அப்பா, இதை மோந்து பாருங்க" என்றாள். மூடியைத் திறந்தேன். எங்கள் வீட்டுப் பரண் மேல் இருக்கும் பானையின் வாசனை! ஒட்டியிருந்த சீட்டில் பிரெஞ்சில் ‘வதுவான்’ என்றும், அதற்குக் கீழே ‘பிரெஞ்சு மசாலாக் கலவை’ என்றும் அச்சடித்திருந்தார்கள்.

நான் பிரெஞ்சு மொழியில் பள்ளிப் படிப்பு படித்தவன். பிறகு முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் கோப்பு பார்த்தவன். ஒரு தாளில் பிழை இருந்தால் ஓரத்தில் குறிப்பு எழுதாமல் விட மனம் வராது. இந்தக் கட்டுரையும் அப்படி ஒரு ஓரக் குறிப்புதான்.

வடவம் என்று புதுவையில் நாங்கள் சொல்வதைப் பிற ஊர்களில் தாளிப்பு வடகம், வெங்காய வடகம் என்பார்கள். கோடையில் போட்டு மழைக்காலத்தில் எடுக்கும் பொருள் அது. பங்குனி, சித்திரையில் சின்ன வெங்காயம் மலிவாகக் கிடைக்கும், வெயிலும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வெங்காயம் விலை ஏறும், வாங்கி வைத்தாலும் அழுகும், கட்டுமரம் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் கருவாட்டுக் குழம்புக்கும் கீரைக் கடையலுக்கும் வற்றல் குழம்புக்கும் ருசி கொடுப்பது இந்த உருண்டைதான். ஓர் உருண்டையில் பாதியைக் கிள்ளி நல்லெண்ணெயில் பொரித்தால் கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், பூண்டு எல்லாம் ஒரே நேரத்தில் தாளித்த மாதிரி. சாதாரண மசாலாத் தூளில் இது நடக்காது. பல நாள் வெங்காயச் சாற்றில் ஊறி ஊறிக் காய்வதால் லேசாகப் புளித்து, கருத்து, ஒரு தனி வாசனை வருகிறது. அந்த வாசனைதான் புட்டியில் இருந்தது.

இப்போது பெயரைப் பார்ப்போம். பிரெஞ்சில் உகர ஒலிக்கு ‘ஓ’, ‘யு’ என்று இரண்டு எழுத்து சேர்த்து எழுத வேண்டும். புதுவையில் பழைய பிறப்புப் பதிவேடுகளில் முத்து, சுப்பராயன் எல்லோரும் இப்படித்தான் இரட்டை எழுத்தோடு இருப்பார்கள். நம் ‘ட’ அவர்கள் நாக்கில் வராது, ‘த’ மாதிரி மென்மையாகிவிடும். ‘வடவம்’ என்று வேகமாகச் சொன்னால் நடுவிலுள்ள அகரம் உகரமாகக் காதில் விழும். கடைசி ‘அம்’ அவர்கள் மூக்கொலியில் ‘ஆன்’ ஆகிவிடும். ஆக, வதுவான் என்பது பிரெஞ்சுக் காதில் விழுந்த தமிழ்ச் சொல். பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்த கலவையாக இருந்தால் அதற்குத் தமிழ்ப் பெயர் எதற்கு?

இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. அட்லாண்டிக்கைத் தாண்டி மார்த்தினிக், குவாதலூப் என்று இரண்டு பிரெஞ்சுத் தீவுகள் இருக்கின்றன. 1848இல் அங்கே அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. 1853இல் மார்த்தினிக்குக்கும், 1854இல் குவாதலூப்புக்கும் முதல் கப்பலில் நம் கரையோரத்து மக்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். இரண்டு முறையும் ‘ஒரேலி’ என்ற கப்பல்தான். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்துவிட்டது. ஆனால் இன்றும் அந்தத் தீவுகளில் மஞ்சள், கொத்துமல்லி, சீரகம், வெந்தயம் சேர்த்து ஆட்டுக்கறியிலும் கோழியிலும் ஒரு குழம்பு வைக்கிறார்கள். அதன் பெயர் ‘கொலொம்போ’. கொழும்பு நகரத்தின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். நம் ‘குழம்பு’தான் அது. மொழி போன பிறகும் அடுப்படியில் ஒரு சொல் தங்கிவிட்டது.

வடவம் போன வழி வேறு. எங்கள் வீட்டிலேயே அதைப் பார்த்திருக்கிறேன். என் பாட்டியின் தங்கை, வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரத் தெருவில் ஒரு கிரயோல் குடும்பத்தில் சமையல் செய்தவர். அந்த வீட்டு அம்மாளுக்குக் காரம் ஆகாது. அதனால் சின்னப் பாட்டி வெண்ணெயில் வடவத்தைப் பொரித்து, வேகவைத்த மீன் மேல் ஊற்றிக் கொடுப்பாராம். இன்று பாரிஸ் உணவகங்களில் வதுவான் வெண்ணெய் என்று பரிமாறுவதைக் கேட்கும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது.

என் பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்தவர். 1954 நவம்பர் 1இல் புதுச்சேரி இந்தியாவிடம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல்தான் சட்டப்படி இணைந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரியப்பா எழுதிக் கொடுத்தார், என் அப்பா கொடுக்கவில்லை. பெரியப்பா குடும்பம் பிரான்சுக்குப் போனபின் ஒவ்வொரு கோடையிலும் அம்மா பால்மாவு டப்பாவில் வடவம் அடைத்து, போகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். அப்படி எத்தனை வீடுகளிலிருந்து எத்தனை டப்பாக்கள்!

2000க்குப் பிறகு மேல்நாட்டுச் சமையல்காரர்கள் இதை விரும்பி எடுத்துக்கொண்டார்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை. மகள் கொண்டுவந்த புட்டியில் இருப்பது உருண்டை அல்ல, உதிரி, காரமும் குறைவு. ஊர் மாறினால் பக்குவம் மாறத்தான் செய்யும். ஆனால் சீட்டில் ஒரு வார்த்தை, ‘புதுச்சேரித் தமிழ் வீடுகளிலிருந்து’ என்று போட்டிருக்கலாம். பணியில் இருந்தபோது எத்தனையோ பழைய ஏடுகளைப் புரட்டியிருக்கிறேன். வரி, நிலம், கப்பல், வழக்கு எல்லாவற்றுக்கும் பதிவு இருந்தது. வடவம் உருட்டிய கைகளுக்கு மட்டும் எந்த ஏட்டிலும் ஒரு வரி நான் பார்த்ததில்லை.

அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். என் மனைவி நாற்பது வருடம் மாடியில் வடவம் போட்டாள். ஒருநாளும் அளவு கேட்டு எழுதி வைக்கவில்லை. இரண்டு வருடம் முன்பு அவள் போய்விட்டாள். பானையில் இருந்த கடைசி உருண்டை தீர்ந்த அன்றுதான் எனக்கு உறைத்தது. இந்தச் சித்திரையில் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு, நானே ஐந்து கிலோ வெங்காயம் வாங்கிப் போட்டேன். மூன்றாம் நாள் மழை வந்து பாதி பூசணம் பிடித்தது. மீதி தேறியது.

மகள் வந்த அன்று அதில்தான் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டுவிட்டு, "அம்மாது மாதிரி இல்லப்பா, உப்பு கூட" என்றாள். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

உப்பைக் குறைத்து அளவை இங்கே பதிந்து வைக்கிறேன். சின்ன வெங்காயம் 1 கிலோ, பூண்டு 100 கிராம் இரண்டையும் ஒன்றிரண்டாக இடிக்கவும். உளுத்தம்பருப்பு 100 கிராம், கடுகு 50, சீரகம் 25, வெந்தயம் 15 கிராம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு 40 கிராம் கலந்து இரவு மூடி வைக்கவும். மறுநாள் பிழிந்து உருட்டி வெயிலில் வைத்து, மாலையில் மீண்டும் அதே சாற்றில் போட்டுப் பிசையவும். சாறு வற்றும்வரை தினமும் இப்படியே. கடைசி இரண்டு நாள் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டவும், வண்டு வராது. கல் மாதிரி காய்ந்தபின் பானையில் போடவும். மழை வரும்போல் இருந்தால் அன்றைக்கு மாடியில் வைக்காதீர்கள்.