ஈதர் சொட்டுகளும் ஒரு வழக்கும்

ஆபரேஷன்னு சொன்னதும் நிறைய பேர் கேக்கிற முதல் கேள்வி: "டாக்டர், மயக்கம் தெளிஞ்சிடும்ல?" நியாயமான பயம்தான். அந்தப் பயத்தைக் குறைச்சதுல அமெரிக்க நர்ஸுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதுக்காக அவங்க கோர்ட் வரைக்கும் போக வேண்டி வந்துச்சு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

1846 அக்டோபர் 16, பாஸ்டன் நகரம். ஈதர் கொடுத்து வலியில்லாம ஆபரேஷன் செய்யலாம்னு எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டினாங்க. அதுக்கப்புறம் ஆபரேஷன்கள் பெருகின. ஆனா ஈதரை யார் கொடுக்கிறது? பெரும்பாலும் கிடைச்ச ஒரு ஜூனியர் டாக்டர், இல்லைன்னா மாணவர். காசும் இல்ல, மதிப்பும் இல்ல. அவரோட கண்ணு சர்ஜனோட கத்தி மேலதான் இருக்கும், ஏன்னா அவர் கத்துக்க வந்தது அதைத்தான். நோயாளியோட மூச்சை யாரும் கவனிக்கல.

விளைவு? மரணங்கள். 1848 ஜனவரியில இங்கிலாந்துல 15 வயசுப் பொண்ணு ஒருத்தி குளோரோஃபார்ம் கொடுத்ததும் இறந்து போனா. நடக்க இருந்தது கால் நகத்தை எடுக்கிற சின்ன ஆபரேஷன்.

மயக்கம் கொடுக்கிறதை மட்டுமே வேலையா எடுத்துக்கிற, நோயாளியை விட்டுக் கண்ணை எடுக்காத ஒருத்தர் வேணும்னு சர்ஜன்களுக்குப் புரிஞ்சது. 1870களின் கடைசியிலேயே கத்தோலிக்க மருத்துவமனைகள்ல கன்னியாஸ்திரி நர்ஸுகள் இதைச் செய்ய ஆரம்பிச்சாங்க.

இதுல பெரிய பேரு ஆலிஸ் மகா. 1893ல மினசோட்டாவுல மேயோ சகோதரர்கள்கிட்ட வேலைக்குச் சேர்ந்த நர்ஸ். மானிட்டர் கிடையாது, ஆக்சிஜன் அளவு காட்டுற கருவி கிடையாது. முகத்து மேல துணி மாஸ்க், அதுல ஈதரைச் சொட்டுச் சொட்டா விடணும். கை நாடியில, கண்ணு முகத்துல, காது மூச்சு சத்தத்துல. இன்னொன்னும் செஞ்சாங்க: மயக்கம் ஏறும்வரை நோயாளிகிட்ட மென்மையா பேசிக்கிட்டே இருந்தாங்க. பயம் குறைஞ்சா ஈதர் கம்மியா போதும்னு அவங்க அனுபவம் சொல்லுச்சு. 1906ல தன்னோட 14,000க்கும் மேற்பட்ட மயக்கங்களைப் பத்திக் கட்டுரை எழுதினாங்க. மயக்க மருந்தால நேரடியா ஒரு மரணம் கூட இல்ல. இன்னிக்குப் படிச்சாலும் அசந்து போறேன்.

அப்புறம் மயக்கவியல் நல்ல வருமானம் தரும் துறையாச்சு. 1930களின் பொருளாதார மந்தத்துல டாக்டர்கள் வருமானமும் அடி வாங்குச்சு. 1934ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல டாக்மர் நெல்சன்னு ஒரு நர்ஸ் மேல மயக்கவியல் டாக்டர்கள் வழக்குப் போட்டாங்க: லைசென்ஸ் இல்லாம மருத்துவம் பார்க்கிறார்னு.

அவங்க வாதத்தைக் கவனிங்க. நோயாளியோட அறிகுறிகளைப் பார்த்து, மருந்தைக் கூட்டிக் குறைக்கிறார். இதுதானே நோயறிதல், இதுதானே சிகிச்சை?

எதிர்த் தரப்பு சொன்னது: அவர் சர்ஜனோட மேற்பார்வையில வேலை செய்றார், அவ்வளவுதான். 1936ல கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் இதை ஏத்துக்கிச்சு. நெல்சன் ஜெயிச்சார்.

எனக்கு உறுத்துற இடம் இதுதான். அந்த நர்ஸ் நிஜமா என்ன செஞ்சாங்கன்னு சரியா விவரிச்சது, அவங்களைத் தடுக்க வந்தவங்க! அடிவயித்தைத் திறந்து ரத்தக் குழாயைக் கட்டிக்கிட்டிருக்கிற சர்ஜன், எத்தனை சொட்டு ஈதர்னு எங்க சொல்லப் போறார்? முடிவு எடுத்தது நர்ஸ்தான். ஆனா வேலை நிலைக்கணும்னா "நான் முடிவு எடுக்கல"ன்னு சட்டத்துக்குச் சொல்லணும். அந்த வார்த்தை பல பத்தாண்டு கூடவே வந்துச்சு.

கொலராடோவுல நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியை லொரெட்டா ஃபோர்டும் ஹென்றி சில்வரும் 1965ல தொடங்கினாங்க. இன்னிக்கு அமெரிக்காவுல உயர்நிலை நர்ஸுகள்னா பலருக்கும் ஞாபகம் வர்றது அவங்கதான். மயக்கம் கொடுத்த நர்ஸுகள் அதுக்கும் ரொம்ப முன்னாடியே இருந்தாங்க.

2001லதான் மத்திய அரசு விதி மாறுச்சு: மேற்பார்வைக் கட்டாயத்திலிருந்து மாநிலங்கள் விலக்கு கேக்கலாம். முதல்ல கேட்டது ஐயோவா. கேட்காத மாநிலங்களும் நிறைய. டாக்டர் சங்கத்துக்கும் நர்ஸ் சங்கத்துக்கும் அந்தச் சண்டை இன்னும் ஓயல.

"நம்ம ஊர்லயும் நர்ஸ்தான் மயக்கம் கொடுக்கிறாங்களா?"ன்னு கேப்பீங்க. இல்லைங்க. இந்தியாவுல அது டாக்டர் வேலை.