கல்வராயன் ஏற்றமும் ஐந்து வயர்களும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை வண்டிக்கு வேலை அதிகமில்லை. கோமுகி அணைப் பக்கம் கடந்து வெள்ளிமலைச் சாலையில் ஏறத் தொடங்கினால்தான் இன்ஜினின் யோக்கியதை தெரியவரும். சமவெளியில் சத்தமில்லாமல் ஓடிய பழைய பெட்ரோல் வண்டி வளைவில் திணறும், குலுங்கும், விட்டுவிட்டு இழுக்கும். 'மிஸ் அடிக்குது' என்பார்கள். கார்புரேட்டரில் தூசி, பாயிண்ட் தேய்மானம் என்று காரணங்கள் பல உண்டு. மழைக்காலமாக இருந்தால் மெக்கானிக்கின் சந்தேகம் முதலில் பிளக் வயர் மேல்தான் விழும்.

அதில் நியாயம் இருந்தது. சமதரையில் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் போதும். சிலிண்டருக்குள் நுழையும் காற்றும் பெட்ரோலும் கொஞ்சம்தான். ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது கலவை நிறைந்து இறுகுகிறது. இறுகிய கலவையைத் துளைத்துப் பொறி பாய வோல்டேஜ் பல ஆயிரம் கூட வேண்டும். வயரின் உறையில் வெடிப்பு இருந்து மழை ஈரமும் சேர்ந்தால், மின்சாரம் பிளக் வரை போகாமல் பக்கத்து இரும்புக்குத் தாவிவிடும். சமவெளியில் ஒளிந்திருந்த கோளாறு மலையில் அம்பலமாகும்.

இந்தப் பொறியை எழுப்பும் பேட்டரி, காயில், டிஸ்ட்ரிபியூட்டர் என்ற ஏற்பாட்டை அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் காடிலாக் கார்களுக்காக உருவாக்கினார். நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு ஐந்து வயர்: காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒன்று, அங்கிருந்து பிளக்குகளுக்கு நான்கு. அம்பாசடர், பியட், மகிந்திராவின் பெட்ரோல் ஜீப் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். 1951-ல் பெங்களூரில் தொடங்கிய மைகோ நிறுவனம் பிளக்குகளைத் தந்தது. 1960-களில் சென்னைப் பாடியில் லூகாஸ் டிவிஎஸ் வந்தபின் காயிலும் டிஸ்ட்ரிபியூட்டரும் தமிழ்நாட்டுச் சரக்காயின.

கல்வராயன் மலையோ வெகுகாலம் ஜாகிர்தார்களின் ஆளுகையில் கிடந்தது. 1976-ல் ஜாகிர்கள் முடிவுக்கு வந்த பிறகுதான் அரசு மலைக்குள் முழுதாக நுழைந்தது. அரசு என்றால் அந்நாளில் ஜீப். பாதை கிடைத்த இடம் வரை ஜீப், மீதி நடை. சாலைக் குறை அதோடு தீர்ந்துவிடவில்லை. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்கள் நிலைமையைப் பற்றித் தானாக முன்வந்து எடுத்த வழக்கிலும் சாலைகள் பேசப்பட்டன.

இனி வயருக்கு வருவோம். தொடக்ககால பிளக் வயரில் உள்ளே செம்புக் கம்பி, மேலே இயற்கை ரப்பர். இன்ஜின் சூடும் எண்ணெயும் ரப்பரை வாட்டின. உயர் மின்னழுத்தத்தைச் சுற்றி உருவாகும் ஓசோன் அதை வெடிக்கவைத்தது. செயற்கை ரப்பரும் பின்னர் சிலிக்கானும் உறையாக வந்தபோது, 'நல்ல வயர் போடு' என்ற பேச்சுக்கு உண்மையான பொருள் இருந்தது. ஈரத்தில் ஏறும் வண்டிக்கு அது கைகண்ட பலன்.

செம்புக்குப் பதில் கரி ஏற்றிய நூல் வந்ததற்குக் காரணம் வேறு. செம்பு வயரில் பொறி பாயும்போதெல்லாம் வானொலியில் கரகரப்பு எழுந்தது. அதை அடக்கவே மின்தடை கூடிய கரி நூல். வயர் முனையிலுள்ள மூடியைப் பிடிக்காமல் வயரைப் பிடித்து இழுத்தால் அந்த நூல் உள்ளே அறுந்துவிடும். அதனால் செம்பே மேல் என்று நம்பியவர்கள் உண்டு.

மின்தடை குறைந்தால் 'பிக்கப்' கூடும் என்ற விளம்பரம் அந்த நம்பிக்கையின் மேல்தான் வளர்ந்தது. ஆனால் பொறி தாவும் வரை வயரில் மின்னோட்டம் மிகச் சொற்பம். தாவிய பின்னும் மில்லிஆம்பியர் கணக்குதான். ஆகவே நல்ல நிலையிலுள்ள வயரைக் கழற்றிவிட்டுத் தடித்த வண்ண வயர் மாட்டினால் இன்ஜின் சக்தி கூடாது. 7 மில்லிமீட்டருக்குப் பதில் 8 என்றால் பெரும்பாலும் தடித்திருப்பது உறைதான். எலக்ட்ரானிக் கட்டுப்பாடு உள்ள வண்டியில் வெறும் செம்பு வயர் சென்சார்களையே குழப்பக்கூடும்.

வெடித்த வயரை மாற்றுவது வேறு சங்கதி. இழந்த இழுவை திரும்பும். இருட்டில் பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது லேசாகத் தண்ணீர் தெளித்தால், கசிகிற இடத்தில் நீலப்பொறி ஓடுவது தெரியும். மல்டிமீட்டரில் ஒரு வயர் மட்டும் இணைப்பே காட்டாவிட்டால் உள்நூல் அறுந்திருக்கிறது.

மலைக்கு டீசல் ஜீப்புகள் வந்ததும் அங்கே இந்தக் கவலை பாதி ஒழிந்தது; டீசல் இன்ஜினுக்குப் பொறியே தேவையில்லை. பெட்ரோல் பக்கம் 1983-ன் மாருதி 800-உம் அடுத்த ஆண்டு வந்த வேனும் மூன்று சிலிண்டருக்கு நான்கு வயரோடு வந்தன. பின்னாளில் ஆம்னி என்று பெயர் பெற்ற அந்த வேனில் கேஸ் கிட் மாட்டியவர்களுக்கு வயர் மறுபடி முக்கியமானது. கேஸைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிடக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான 2019-லேயே ஆம்னி உற்பத்தியும் நின்றது. அதற்குள் மாருதியின் கே வரிசை இன்ஜின்களில் பிளக் ஒவ்வொன்றின் தலையிலும் தனிக் காயில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அந்த வண்டிகளில் மாற்றுவதற்கு வயரே கிடையாது. ஏற்றத்தில் மிஸ் அடித்தால் மெக்கானிக் ஒரு சிலிண்டரின் காயிலைக் கழற்றி அடுத்ததில் மாட்டி, கோளாறும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்க்கிறார்.