காட்டுக்குள் புதைந்திருந்த வானம்

உலோகங்களைக் கண்டறியும் கருவி என்றவுடன் ஈழத்தமிழர் மனக்கண்ணில் தோன்றுவது சோதனைச் சாவடியும் வன்னியில் கண்ணிவெடி அகற்றும் பணியாளருமே. அதில் தவறில்லை. இக்கருவி இன்றைய வடிவத்தைப் பெற்றதே போரினாற்றான். 1881இல் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலிலுள்ள குண்டைத் தேட, தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றைச் செய்து பார்த்துத் தோல்வி கண்டார். 1941இல் ஸ்கொட்லாந்தில் தங்கியிருந்த போலந்து இராணுவ அதிகாரி ஜோசப் கொசாக்கி, ஒருவர் கையில் எடுத்துச் செல்லக்கூடிய கண்ணிவெடி காட்டியை வடிவமைத்தார். மறுவருடம் எல் அலமெயின் போர்க்களத்தில் அது பயன்பட்டது. போர் ஓய்ந்ததும் இராணுவத்தில் எஞ்சிய கருவிகள் பொதுமக்கள் கைக்கு மாறின. பழங்காசும் நகையும் தேடி வயலிலும் காட்டிலும் அலைவது ஐரோப்பாவில் ஒரு பொழுதுபோக்காயிற்று.

இப்பொழுதுபோக்கு வரலாற்றுக்கு என்ன செய்யும் என்பதை அறிய ஜேர்மனியின் இரு சம்பவங்கள் போதும்.

1999 ஜூலை 4ஆம் திகதி. சக்சனி அன்ஹால்ற் மாநிலத்தில் நெப்றா என்ற சிற்றூருக்கு அருகேயுள்ள மிற்றல்பேர்க் குன்றின் காட்டில் இருவர் அனுமதியின்றிக் கருவியுடன் அலைந்தனர். கருவி ஒலியெழுப்பிய இடத்தை அவசரமாகக் கிளறினர். இரண்டு வெண்கல வாள்கள், இரண்டு கோடரிகள், ஓர் உளி, சுருள் வளையல்களின் துண்டுகள், இவற்றோடு மண் அப்பிய வட்டத்தகடு ஒன்றும் வெளிவந்தன. தோண்டிய கருவி பட்டு வட்டின் ஓரம் சிதைந்தது. பொற்தகட்டின் ஒரு பகுதி கிழிந்தது. ஒரு விண்மீன் பெயர்ந்தது. மறுநாளே முழுவதையும் 31,000 மார்க்குக்கு ஒரு வியாபாரியிடம் விற்றுவிட்டனர்.

அவர்கள் விற்றது என்ன? சுமார் 32 சென்ரிமீற்றர் விட்டமும் 2 கிலோவுக்குச் சற்று அதிகமான எடையும் கொண்ட வெண்கல வட்டு. அதில் பொன்னாற் பதித்த பிறை, சூரியன் அல்லது முழுநிலா, விண்மீன்கள். அவற்றுள் ஏழு மட்டும் நெருக்கமாக நிற்கின்றன. நாம் கார்த்திகை என்றும் ஆறாமீன் என்றும் அழைக்கும் கூட்டம் அதுவே என்பது பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. ஓரத்தில் 82 பாகை அளவிலான பொன்வில் ஒன்று. அதற்கு எதிர்ப்புறத்து வில் பழங்காலத்திலேயே கழன்றுவிட்டது. அந்த அகலக்கோட்டில் ஆண்டு முழுவதும் சூரியன் உதிக்கும் திசை நகரும் எல்லையும் ஏறத்தாழ இதுவே. வட்டு மண்ணுக்குள் சென்றது கி.மு. 1600 அளவில் எனக் கணித்துள்ளனர். வெண்கலத்தின் செம்பு ஆஸ்திரிய மலைகளிலிருந்தும் பொன் இங்கிலாந்தின் கோர்ன்வாலிலிருந்தும் வந்தவை. எழுத்தறியாத சமூகம் ஒன்று வானத்தை உலோகத்திற் பதித்து வைத்திருந்தது.

அம்மாநிலச் சட்டப்படி இத்தகைய புதைபொருள் அரசுடைமை. ஆகவே அருங்காட்சியகங்கள் வாங்க மறுத்தன. வட்டு கைமாறிக் கைமாறி விலையேறியது. 2002 பெப்ரவரியில் மாநிலத் தொல்லியலாளர் ஹரால்ட் மெல்லர், 7 இலட்சம் மார்க் கேட்ட விற்பனையாளரைச் சந்திக்க, வாங்குபவர் வேடத்தில் சுவிற்சர்லாந்தின் பாசல் நகர ஹோட்டல் ஒன்றுக்குச் சென்றார். பொலிஸார் பக்கத்திலேயே காத்திருந்தனர். விற்பனையாளர் கைதாயினர். பின்னர் தோண்டியவர்களும் பிடிபட்டு, தண்டனைக் குறைப்புக்காக இடத்தைக் காட்டிக்கொடுத்தனர்.

துப்பறியும் கதை போல இது முடிந்துவிட்டதாகவே தோன்றும். உண்மையில் முடியவில்லை. 2020இல் ஜேர்மன் தொல்லியலாளர் இருவர், வட்டு அந்தக் குழியில் வாள்களோடு கிடைத்தது என்பதற்கு உறுதியான ஆதாரமில்லை என்றும் அது இரும்புக் காலத்தது என்றும் எழுதினர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு வித்தியாசம்! மற்றொரு குழு, வட்டில் ஒட்டியிருந்த மண்ணையும் குழியின் மண்ணையும் ஒப்பிட்ட ஆய்வைக் காட்டி அதே ஆண்டில் மறுத்தது. மறுத்த தரப்பே வலுவானது என நான் கருதுகிறேன். ஆயினும் வட்டு எப்படிக் கிடந்தது, வாள்கள் எப்பக்கம் இருந்தன என்பதற்குச் சாட்சி கொள்ளையர் இருவரின் வாய்மொழி மட்டுமே. ஒரு தூரிகையும் நிழற்படமும் இருந்திருந்தால் இவ்விவாதமே எழுந்திராது.

எமது நாட்டில் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இருந்தும், 'ஸ்கானர்' கருவிகளோடும் பூசைப் பொருட்களோடும் புதையல் தோண்டியோர் கைது என்ற செய்தி பத்திரிகைகளில் ஓயாது வருகிறது. கைதான செய்திதான் வருமேயன்றி, சிதைந்த இடம் எக்காலத்தது என்ற செய்தி வருவதில்லை. அதைச் சொல்ல அங்கே ஏதும் மிஞ்சியிருப்பதில்லை.

இனி மற்றச் சம்பவம். கி.பி. 9இல் வாருஸ் என்ற ரோமத் தளபதியின் மூன்று படையணிகளை ஜேர்மானியப் பழங்குடிகள் ரொயிற்றோபேர்க் காட்டுப் பகுதியில் அழித்தனர். இடம் எது என்று நூற்றாண்டுக் கணக்கில் அறிஞர்கள் சண்டையிட்டனர். 1885இல் வரலாற்றாசிரியர் மொம்சன், பழங்காசுகள் கிடைத்ததை வைத்துக் கல்க்ரீசே என்றார், பலர் ஏற்கவில்லை. 1987இல் அப்பகுதியில் பணியாற்றிய பிரித்தானிய இராணுவ அதிகாரி ரொனி க்ளன், கருவியை எடுப்பதற்கு முன் மாவட்டத் தொல்லியலாளர் வொல்ப்காங் ஷ்லூற்றரிடம் சென்றார். அவரது ஆலோசனைப்படி தேடினார். கிடைத்த இடங்களைக் குறித்தார். 162 வெள்ளிக் காசுகளையும் அடுத்த ஆண்டில் மூன்று ஈயக் கவண்குண்டுகளையும் அவரிடமே ஒப்படைத்தார்.

காசு வியாபாரிக்கு அக்குண்டுகள் சல்லிக்குப் பெறாதவை. ஷ்லூற்றருக்கோ அவை ரோமப் படையின் தடம். வியாபாரிகள் தொலைத்த பணமல்ல, அங்கே போர் நடந்திருக்கிறது என்று அகழ்வு தொடங்கியது. குதிரைப்படை வீரனின் முகக்கவசமும் மனித எலும்புக் குழிகளும் வெளிவந்தன. கி.பி. 9க்குப் பிந்திய காசு ஒன்றும் அதில் இல்லை. இது வேறொரு ரோமப் படையெடுப்பின் களம் என்று வாதிடுவோர் இன்னும் உள்ளனர். ஆனால் அவர்களும் அதே பதிவுகளை வைத்தே வாதிடுகின்றனர். க்ளன் 2014இல் காலமானார். 2022இல் உலோகப் பகுப்பாய்வு செய்த ஆய்வாளர்கள், கல்க்ரீசேயின் வெண்கலத் துண்டுகளின் இரசாயனத் தடயம், வாருசோடு அழிந்த 19ஆம் படையணி முன்னர் தங்கியிருந்த டாங்ஸ்ரெற்றன் முகாமின் துண்டுகளோடு ஒத்திருப்பதாக அறிவித்தனர்.